பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

மண் ரோடு, தோட்டத்துத் தடம், மலையடிவாரக் கல் பாதை ஆகியவற்றில் ஓட்டப் பழைய பிக்கப் வாங்குவது பற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பாலக்கோடு வாசகர்: தார் ரோட்டிலிருந்து எங்கள் மாந்தோப்புக்கு 2 கிலோமீட்டர் செம்மண் தடம். நடுவில் ஒரு ஓடை, மழைக்காலம் போக மற்ற நாளில் காய்ந்துதான் கிடக்கும். உரம், தண்ணீர் டிரம், சீசனில் மாங்காய், இவ்வளவுதான் வேலை. புரோக்கரோ, ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியைத் தொடவே தொடாதீங்க என்கிறார். அப்படியா?

இல்லை. இந்தத் தடத்துக்குப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண பிக்கப்பே தாராளம். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய இடங்கள் வேறு: நின்ற இடத்திலிருந்து லோடோடு ஏற வேண்டிய செங்குத்து மேடு, மழையில் வழுக்கும் களிமண் சரிவு, ஆற்று மணல். இவை வருடத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் என்றால், அந்த நாட்களில் டிராக்டரைக் கூப்பிட்டுக் கொள்வது மலிவு. ஃபோர் வீல் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுத்து, முன்பக்க டிஃபரன்ஷியலையும் (இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) டிரான்ஸ்ஃபர் கேஸையும் (முன் அச்சுக்கு இழுவையைத் திருப்பும் பெட்டி) சேர்த்துப் பராமரிப்பது அதைவிடச் செலவு.

காலி பிக்கப் மண் ரோட்டில் திணறுவதற்குக் காரணம் எளிது. எஞ்சினும் கேபினும் முன்னால், இழுக்கும் சக்கரமோ பின்னால். பின்னால் பாரமே இல்லாததால் டயர் மண்ணைப் பிடிக்காமல் சுற்றுகிறது. 50 கிலோ மணல் மூட்டை மூன்று அல்லது நான்கைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து, பாடி வளையத்தில் கயிறு போட்டு இறுக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பாடியின் கடைக்கோடியில் வைத்தால் முன்பக்கம் தூக்கி ஸ்டியரிங் லேசாகிவிடும், கவனம். மீதிப் பாதி டயர். பின் டயர் இரண்டும் ஆழமான கட்டை (மண்ணைப் பிடிக்கும் மேற்பகுதி) கொண்டதாக இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. கட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஆறு வருடம் தாண்டிய டயரைக் கல் ரோட்டுக்கு நம்ப வேண்டாம். பக்கச்சுவர் வெடித்து விரிந்திருக்கும்.

புரோக்கரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது என்ன லோடு அடித்த வண்டி? நம் பக்கத்துப் பிக்கப்புகளில் ஒரு பகுதி தக்காளி வண்டி, ஒரு பகுதி பூ வண்டி, ஒரு பகுதி கல், செங்கல், எம்-சாண்ட் அடித்தவை. பூ வண்டியில் பாரம் கிடையாது, ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக மார்க்கெட் போய்த் திரும்பும். கிலோமீட்டர் ஏறியிருக்கும், சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நன்றாக இருக்கும். தக்காளி வண்டிக்கு ஒரு கணக்குப் போடுங்கள். காலிக் கிரேட்டோடு ஒன்று 27 கிலோ என்றால், 1.3 டன் வண்டியின் அனுமதி 48 கிரேட்டோடு முடிந்தது. ராயக்கோட்டை மார்க்கெட் வாசலில் நின்று, வண்டிக்கு எத்தனை கிரேட் ஏற்றுகிறார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கல் அடித்த வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்குச் சொன்னாலும் எடுக்காதீர்கள். எஞ்சினை மறுபடி செய்துவிடலாம். வளைந்த சேஸிஸை நேராக்கி, அது நேராகவே இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

போச்சம்பள்ளி வாசகர்: ஓவர்லோடு அடித்த வண்டி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கிறார்களே!

பெயிண்டைப் பார்க்கவே வேண்டாம், வண்டிக்கு அடியில் படுங்கள். ஒரு டார்ச், ஒரு டேப், ஒரு பழைய துணி போதும்.

முதலில் பின் பட்டை, அதாவது பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள். காலி வண்டியில் பட்டை மேல்நோக்கி வளைந்து நிற்க வேண்டும். தட்டையாகவோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருந்தால் முடிந்தது. இரண்டு பக்கமும் பட்டைகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தாலோ, ஒன்றிரண்டு மட்டும் புதுக் கறுப்பாக மின்னினாலோ பட்டைப் பட்டறைக்குப் போய்வந்த வண்டி. அடுத்து, அச்சுக்கு மேலே சேஸிஸில் தொங்கும் ரப்பர் கட்டை, அதாவது பம்ப் ஸ்டாப். அது நசுங்கிப் பிளந்திருக்கிறதா, அல்லது இல்லவே இல்லையா என்று பாருங்கள். அதற்கு நேர் கீழே அச்சின் மேல் ரூபாய் அளவுக்கு ஓர் இடம் மட்டும் துருப்பிடிக்காமல் தேய்ந்து பளிச்சென்று இருந்தால், பட்டை முழுக்க அமுங்கி இரும்போடு இரும்பு மோதி ஓடிய வண்டி அது. ஆர்.சி. புத்தகத்தில் எந்த ஓனரும் எழுதி வைக்காத தகவல் இது.

சேஸிஸில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: பின் பட்டையின் முன் ஹேங்கர் சேஸிஸோடு சேரும் இடம், கேபின் முடிந்து பாடி ஆரம்பிக்கும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம். இங்கெல்லாம் வெல்டிங் கோடு, ஒட்டுத் தகடு, முடியளவு விரிசல் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். கம்பெனி ரிவிட் அடித்திருந்த இடத்தில் போல்ட் இருந்தால் யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். சேஸிஸின் ஒரு பகுதிக்கு மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால், அந்தப் பகுதியைத்தான் முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடம் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

டேப் எதற்கு? ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கும், அல்லது அடிபட்டுச் சேஸிஸ் கோணியிருக்கும். பின் டயர் இரண்டும் உள்பக்கமாகவே தேய்ந்திருந்தால் அச்சு ஹவுசிங் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு எஞ்சின். வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் சூடாக்கி வைத்திருப்பார்கள்; போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடிக்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் தொடர்ந்தால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் அல்லது ஹெட் கேஸ்கெட் கோளாறு. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அந்த ஓட்டையின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி குதித்துக் கீழே விழுந்து, குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரஷன். ரிங், போர் வேலை இருக்கிறது. லேசான காற்று வருவது சகஜம்.

கிளட்சுக்கு: ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, மெதுவாகக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கும்போது இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் கியர் நியூட்ரலுக்குத் தாவக் கூடாது. வண்டி கிளம்பும் நொடியில் அடியில் ‘டக்’ என்றால் பெரும்பாலும் ஷாஃப்ட் இணைப்பான யூஜே கிராஸ். அது சின்னச் செலவு. 40 முதல் 60 வேகத்தில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஊளைச் சத்தம், விட்டால் சத்தம் மாறுகிறது என்றால் பின் அச்சின் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன். அது பெரிய செலவு. இரண்டையும் ஒரே மூச்சில் ‘அடியில கொஞ்சம் சத்தம்ங்க’ என்று சொல்லி விற்பார்கள்.

தேன்கனிக்கோட்டை வாசகர்: 2017 மாடல் இசுசு வி-கிராஸ் ஒன்று விலைக்கு வருகிறது. தளி, அஞ்செட்டி பக்கம் பண்ணைகளுக்குப் போகவர வேண்டும். ஃபோர் வீல் சிஸ்டம் வேலை செய்கிறதா என்று மெக்கானிக் இல்லாமல் பார்க்க முடியுமா? வேறு எந்த வண்டிகளைப் பார்க்கலாம்?

முடியும். ஆனால் தார் ரோட்டில் பார்க்காதீர்கள். இளகின மண் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

மெதுவாக நேராக ஓட்டிக்கொண்டே 2-ஹெச்சிலிருந்து (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) 4-ஹெச்சுக்கு (நான்கும் இழுக்கும் நிலை) திருப்புங்கள். டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டி, பிறகு நிலையாக எரிய வேண்டும். சிமிட்டிக்கொண்டே இருந்தால் கியர் விழவில்லை. மோட்டாரோ வயரிங்கோ போயிருக்கும். 4-எல்லுக்கு (நான்கும் இழுக்கும், வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) வண்டியை முழுக்க நிறுத்தி, கிளட்சை மிதித்து, நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். மாறிய பின் முதல் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமல் கிளட்சை விட்டால், வண்டி ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து மேடேற வேண்டும்.

விளக்கு எரிவது மட்டும் சாட்சி ஆகாது. 4-ஹெச்சில் பத்தடி ஓட்டிச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இக்னிஷனை ஆனில் விட்டு, முதல் கியரில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். ஒரே ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சிறு ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். 2-ஹெச்சுக்கு மாற்றினால் சுற்ற வேண்டும். இரண்டிலும் சுற்றினால் முன்பக்கத்துக்கு இழுவை போகவே இல்லை. ஜாக்கியில் நிற்கும்போது வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம். தூக்கியபடியே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் டை ராட் எண்டுடையது. முன் சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்சில் பூட் கிழிந்து, மண் உள்ளே போயிருக்கிறது.

‘ஃபோர் வீலெல்லாம் போட்டதே இல்லைங்க, புத்தம் புதுசு மாதிரி இருக்கு’ என்பார்கள். அது குறை. மாதம் ஒருமுறையாவது சில கிலோமீட்டர் போட்டு ஓட்டாவிட்டால் உள்ளே ஆயில் பரவாமல் ஷிஃப்ட் ஃபோர்க் இறுகிவிடும்.

வி-கிராஸ் இந்தியாவுக்கு வந்தது 2016-இல். நீங்கள் பார்ப்பது 2.5 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர். நல்ல வண்டி, நீளம்தான் தொந்தரவு. குறுகின மலை வளைவில் ஒரே வீச்சில் திரும்பாது. பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். இசுசுவிலேயே எஸ்-கேப், ஹை-லேண்டர் எல்லாம் பின் சக்கரம் மட்டும்தான். பிந்தைய வி-கிராஸ் ஆட்டோமேட்டிக்கிலும் டூ வீல் உண்டு. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்அவே, டாடா ஸெனான் இரண்டிலும் ஃபோர் வீல், டூ வீல் இரண்டும் விற்றார்கள். இப்போது உற்பத்தியில் இல்லாததால் விலை படியும், ஆனால் முன் ஆக்சில் சாமான் கிடைக்குமா என்று கடையில் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். பண்ணை வேலைக்கு எங்கள் விருப்பம் பொலிரோ கேம்பர் ஃபோர் வீல். சொகுசு கிடையாது, குலுக்கி எடுக்கும். ஆனால் பொலிரோ சாமான் தெரியாத பட்டறை இந்த இரண்டு மாவட்டத்தில் இல்லை. டாடா யோதாவிலும் ஃபோர் வீல் உண்டு. ஓசூரில் பிறந்த அசோக் லேலண்ட் தோஸ்த் சிக்கனமான வண்டிதான். அது தார் ரோட்டுக்கும் நல்ல மண் ரோட்டுக்கும், பாறைத் தடத்துக்கு அல்ல.

அரூர் வாசகர்: சித்தேரி மலைக்குப் போகும்போது ஃபோர் வீல் போட்டே ஓட்டுகிறேன். திருப்பத்தில் வண்டி இறுகிப் பிடிப்பது போல இருக்கிறது, லீவரும் எடுக்க வரமாட்டேன் என்கிறது. கோளாறா?

வண்டியில் இல்லை, பழக்கத்தில். திருப்பத்தில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். இந்த வகைப் பிக்கப்புகளில் 4-ஹெச் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க முடியாததால் ஷாஃப்டில் முறுக்கு ஏறுகிறது. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் போடுங்கள், தார் வந்ததும் எடுங்கள். லீவர் சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்காமல், ஸ்டியரிங் நேராக வைத்து ரிவர்ஸில் சில அடி போங்கள். முறுக்கு அவிழ்ந்து தானாக விழும்.

பர்கூர் வாசகர்: பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வாங்குவதா, பி.எஸ். 6 வாங்குவதா?

தோட்டத்துக்கும் வீட்டுக்குமாகத் தினம் ஐந்து கிலோமீட்டர் ஊர்பவர் என்றால் பி.எஸ். 4. நாடு முழுக்க பி.எஸ். 6 வந்தது 2020 ஏப்ரல் 1-இல். அந்த டீசல் வண்டிகளின் சைலன்சரில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, டி.பி.எஃப்., இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க எஞ்சினுக்கு நல்ல சூடும் நிதான வேகமும் வேண்டும். இரண்டாம் கியரிலேயே ஊரும் வண்டியில் அந்தச் சூடு வராது. விளக்கு எரியும், கவனிக்காவிட்டால் இழுவை குறைந்துவிடும். வாரம் ஒருமுறை கிருஷ்ணகிரி – ஓசூர் நெடுஞ்சாலையில் 60-க்குக் குறையாமல் அரை மணி நேரம் ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழைய பி.எஸ். 6 வண்டியில் இரண்டு இடம் பாருங்கள். சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தால் ஏறக்குறைய சுத்தமாக இருக்க வேண்டும். மையாகக் கறுத்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது கழற்றிவிட்டார்கள். கழற்றுவது சட்டவிரோதம், புகைச் சோதனையிலும் நிற்காது. அடுத்தது டிப் ஸ்டிக். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி, டீசல் வாடை அடித்தால், கரியை எரிக்கப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது.

எதை வாங்கினாலும் பீப்பாய் டீசல் ஊற்றாதீர்கள். ஒரு மூடி தண்ணீர் போதும், காமன் ரெயில் இன்ஜெக்டரைக் கெடுக்க.

ஓசூர் வாசகர்: பெங்களூரில் கர்நாடக நம்பர் வண்டி விலை குறைவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு எடுங்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் விற்பவர் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்தால் படிவம் 35-உடன் நிதி நிறுவனத்தின் கடிதமும். இங்கே தமிழ்நாட்டு வரி கட்டி, டி.என். 70 நம்பர் வாங்க வேண்டும். வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. இந்த வரியைக் கூட்டிய பிறகும் லாபம் நின்றால் மட்டுமே மேலே பேசுங்கள்.

மஞ்சள் போர்டு வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி முக்கியம்: 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். எஃப்.சி. முடிய ஒரு மாதம் இருக்கும்போது வண்டி விலைக்கு வந்தால், எஃப்.சி.க்கு நிறுத்தும் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

காரிமங்கலம் வாசகி: களை எடுக்கும் ஆட்களைப் பாடியில் ஏற்றிப் போகலாமா? என் கணவரிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது.

ஏற்றக் கூடாது. சரக்கு வண்டியின் பாடியில் ஆள் ஏற்றுவது விதிமீறல். விபத்து நடந்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழலாம். மூன்று நான்கு பேரைத் தினம் கூட்டிப்போக வேண்டுமென்றால் கேம்பர் போல இரட்டைக் கேபின் வண்டி பாருங்கள், ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான். லைசென்ஸ் பிரச்சினை இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன, அதாவது கார்) லைசென்ஸில் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

பென்னாகரம் வாசகர்: கல்லில் அடி இடிக்கிறது. கூடுதல் பட்டை போட்டுத் தூக்கலாமா?

வேண்டாம். பட்டை கூடினால் வண்டி விறைப்பாகும். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுற்றும். இடிக்காது, நகரவும் நகராது! இன்னொரு ஆபத்து பிரேக்கில். பல பிக்கப்புகளில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி போய், பாரத்துக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வை ஆட்டுகிறது. பட்டை போட்டு உயர்த்தினால், லோடு இருக்கும்போதும் வண்டி காலி என்று நினைத்து அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். லோடோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அது தெரியும். பழைய பட்டையைச் செட் ஆக்கி, புஷ் மாற்றி, சரியான அளவு டயர் போட்டாலே இழந்த உயரம் திரும்ப வரும். பட்டை வேலை செய்தால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். சென்டர் போல்ட் அறுவது பெரும்பாலும் இதை விட்டுவிடுவதால்தான்.

அஞ்செட்டி வாசகர்: மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கும்போது எவ்வளவு தண்ணீர் வரை இறக்கலாம்?

முதலில் இறங்கி நடந்து பாருங்கள். ஆளைத் தள்ளும் வேகம் இருந்தால் முழங்கால் அளவானாலும் இறக்க வேண்டாம். ஓட்டம் இல்லாத தண்ணீரில் சக்கரத்தின் பாதி உயரம் வரை சரி. அதற்கு மேல் போவது, காற்று இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு. முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், நடுவில் கிளட்ச் மிதிக்கக் கூடாது. நடுவில் எஞ்சின் அணைந்தால் ஸ்டார்ட் போடாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கயிறு கட்டி இழுத்துவிட்டு ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் பக்கத்து ஓடைகளில் பல காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகின்றன. அங்கே அனுமதித்த பாதையை விட்டு வண்டி இறக்கினால் வனத்துறை வழக்குப் போடும்.

ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் பிரீதர் (அச்சின் காற்றுத் துளை) வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். இறக்கும் முன் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும் முன் டிஃபரன்ஷியலின் அடிப் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம் என்பதால் அதுதான் முதலில் வரும். சொட்டுவது மோர் நிறத்தில் இருந்தால் அன்றைக்கே ஆயிலை மாற்றுங்கள்.